பின்னலும் நம் கைகளும்

மூத்தோருக்கான கைவினைச் சந்திப்பு ஒன்றில் மொழிபெயர்ப்பாளர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம் இது. குரோஷே, நிட்டிங் ஆகிய பின்னல் வேலைகளில் ஈடுபடுவோருக்கும், இனிமேல் கற்றுக்கொள்ள விரும்புவோருக்கும் பயன்படும் குறிப்புகள் இதில் உள்ளன.



முன்வரிசையில் மூன்று அம்மாமார் மடியில் நூலோடு உட்கார்ந்திருக்கிறீர்கள். நான் பேச வந்ததும் மரியாதைக்காகப் பைக்குள் வைக்கப் பார்த்தீர்கள். தயவுசெய்து வேண்டாம். பின்னிக்கொண்டே கேளுங்கள். கையில் வேலை இருந்தால்தான் காது நன்றாகக் கேட்கும் என்று என் அம்மா சொல்வார்.

நான் மருத்துவர் இல்லை. கைவினை ஆசிரியரும் இல்லை. ஆங்கிலத்தில் வரும் அறிவிப்புகள், கடிதங்கள், மருத்துவக் குறிப்புகள் ஆகியவற்றைத் தமிழில் எழுதித் தருவது என் வேலை. பின்னல் எனக்குப் பொழுதுபோக்கு. அதை எனக்குக் கற்றுக்கொடுத்தவர் அம்மா. அம்மாவுக்குக் கற்றுக்கொடுத்தவர் பக்கத்து வீட்டில் இருந்த மலாய்க்கார மக்சிக்.

அம்மா திருமணமாகி அந்த அடுக்குமாடி வீட்டுக்கு வந்த புதிதில் யாரையும் தெரியாது. மாலை நேரத்தில் மக்சிக் வீட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பின்னுவாராம். அம்மாவுக்கு அப்போது மலாய் சரியாக வராது. மக்சிக்கிற்குத் தமிழ் தெரியாது. ஊசியைப் பிடித்த கையைப் பார்த்தே கற்றுக்கொண்டாராம். இன்றைக்கும் அம்மா கண்ணிகளை எண்ணும்போது ‘சாத்து, டுவா, தீகா’ என்றுதான் எண்ணுவார். மற்றக் கணக்கெல்லாம் தமிழில். பின்னல் கணக்கு மட்டும் மலாயில்.

அந்த அம்மாவின் கைகளைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன். முதலில் பின்னலைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன்.

ஓர் ஊசியா, இரண்டு ஊசியா?

இங்கே சிலருக்கு இரண்டும் ஒன்றுதான் என்ற எண்ணம் இருக்கலாம். குரோஷே வேலைக்கு ஒரே ஓர் ஊசி. அதன் நுனி கொக்கிபோல் வளைந்திருக்கும். பிரெஞ்சு மொழியில் குரோஷே என்றால் சிறிய கொக்கி என்றே பொருள். நிட்டிங் வேலைக்கு நேரான இரண்டு ஊசிகள் வேண்டும்.

குரோஷே பின்னும்போது ஊசியில் பெரும்பாலும் ஒரு கண்ணிதான் நிற்கும். அதை முடித்துவிட்டுத்தான் அடுத்ததற்குப் போவோம். நிட்டிங்கில் ஒரு வரிசைக் கண்ணிகள் முழுவதும் ஊசியில் வரிசையாக நிற்கும். அதில் ஒன்று நழுவி விழுந்தால், ஏணிப்படிபோல் கீழ் வரிசைவரை பிரிந்துகொண்டே போகும். ஆகவே, புதிதாகத் தொடங்குபவர்களுக்குக் குரோஷே சற்று எளிது என்பது என் கருத்து. நிட்டிங் செய்பவர்கள் என்னைக் கோபித்துக்கொள்ள வேண்டாம். மெல்லிய, இழுத்தால் நீளும் துணி வேண்டுமென்றால் நிட்டிங்தான் நல்லது.

இன்னொரு செய்தி. நிட்டிங்கை இயந்திரம் செய்துவிடும். இங்கிலாந்தில் வில்லியம் லீ என்பவர் 1589ஆம் ஆண்டிலேயே அதற்கு ஒரு பொறியை உருவாக்கினார். நாம் போட்டிருக்கும் காலுறையும் பனியனும் அந்த வழியில் வந்தவைதான். குரோஷே பின்னலை அப்படியே செய்யும் இயந்திரம் இன்னும் கடைத்தெருவுக்கு வரவில்லை. கடையில் குரோஷே பை ஒன்றைப் பார்த்தால், எங்கோ ஒருவர் கையால் பின்னியது என்று நினைத்துக்கொள்ளுங்கள். அதன் விலையைப் பேரம் பேசும்முன் அந்தக் கையையும் கொஞ்சம் நினையுங்கள்.

அயர்லாந்தில் 1840களில் உருளைக்கிழங்குப் பயிர் அழுகிப் பெரும் பஞ்சம் வந்தது. அப்போது பல குடும்பங்கள் பெண்கள் பின்னி விற்ற குரோஷே சரிகைப் பின்னலை நம்பிப் பிழைத்தன. நாம் பொழுதுபோக்கு என்கிறோம். அவர்களுக்கு அதுவே சோறு.

நம் கைகளுக்கும் இந்த வேலை அந்நியமில்லை. தேக்காவில் பஃப்ளோ ரோட்டுப் பூக்கடையில் மல்லிகை கட்டுபவர்களின் விரல்களைக் கவனித்திருக்கிறீர்களா? நூலைச் சுற்றி, கண்ணி போட்டு, இழுத்து இறுக்கும் அதே அசைவுதான். பூக்கட்டத் தெரிந்தவர்கள் அரை மணி நேரத்தில் குரோஷே சங்கிலி போடக் கற்றுக்கொள்வதை நானே பார்த்திருக்கிறேன்.

ஐயாமாரும் ஒதுங்கி நிற்க வேண்டாம். எங்கள் குழுவில் கப்பல் பட்டறையில் வேலை பார்த்த ஓர் ஐயா இருக்கிறார். கயிற்றில் முடிச்சுப் போட்ட கை. முதல் நாள் ‘இது பொம்பளைங்க வேலை’ என்று சொன்னவர், இப்போது எங்களுடைய சிக்கல் விழுந்த நூலையெல்லாம் பிரித்துக் கொடுப்பவர். அவரைவிடப் பொறுமைசாலி எங்களில் யாரும் இல்லை.

இதில் அப்படி என்ன இன்பம்?

முதல் இன்பம், தவறு செய்தால் எதுவும் வீணாவதில்லை. சமையலில் உப்பு கூடினால் கூடினதுதான். தையலில் துணியைத் தப்பாக வெட்டினால் போனதுதான். பின்னலில் அப்படியில்லை. நூலை இழுத்தால் எல்லாம் பிரிந்து மறுபடியும் உருண்டையாகிவிடும். அதே நூலில் மறுபடியும் தொடங்கலாம். இந்த வயதில் ‘மறுபடியும் தொடங்கலாம்’ என்று சொல்லும் வேலை வேறு எது இருக்கிறது என்று அம்மா கேட்பார்.

இரண்டாவது, காத்திருக்கும் நேரம் சுருங்கிவிடும். பலதுறை மருந்தகத்தில் நம் எண் வரும்வரை எத்தனை வரிசை பின்னலாம் என்று அம்மாவுக்கு ஒரு கணக்கு உண்டு. எண் சீக்கிரம் வந்துவிட்டால், ‘இந்த வரிசையை முடிச்சிட்டு வர்றேன்’ என்பார்.

மூன்றாவது, கூட்டாளிகள். எங்கள் குழுவில் சீன அம்மாமார் இருவர், மலாய் அம்மா ஒருவர், தமிழர்கள் நாலைந்து பேர். ஒருவர் பேசுவது இன்னொருவருக்கு முழுதாகப் புரியாது. ஆனால், குரோஷேக்குப் படமாக வரைந்த குறிகள் உண்டு. சிறு முட்டை வடிவம் ஒரு சங்கிலிக் கண்ணி. ஆங்கில ‘டி’ எழுத்துபோல் நிற்கும் குறி உயரமான கண்ணி. ஜப்பானியப் பின்னல் புத்தகங்களில் இந்தக் குறிகள் நிறைய இருக்கும். அதை வைத்துக்கொண்டு நாங்கள் எல்லாரும் ஒரே பூவைப் பின்னுகிறோம். மொழிபெயர்ப்பாளரே தேவைப்படாத எழுத்து அது ஒன்றுதான். என் பிழைப்பைக் கெடுக்கும் எழுத்து என்றாலும் எனக்கு அதன்மேல் பிரியம்.

நான்காவது, மனம் ஓரிடத்தில் நிற்கும். எண்ண வேண்டும், ஒழுங்கை நினைவில் வைக்க வேண்டும், இரு கைகளும் ஒத்துப்போக வேண்டும். அப்பா காலமான பிறகு சில மாதங்கள் அம்மாவுக்கு இரவில் தூக்கமில்லை. அப்போது அவர் பின்னிய கம்பளம் ஒன்று எங்கள் வீட்டில் இருக்கிறது. கட்டிலுக்குப் போதும் என்ற அளவைத் தாண்டியும் நீண்டுகொண்டே போனது. யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. ஒருநாள் அவரே நிறுத்திவிட்டார்.

ஒன்றை மட்டும் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். பின்னல் மறதி நோயைக் குணப்படுத்தும், இரத்த அழுத்தத்தை மாற்றிவிடும் என்றெல்லாம் யாராவது கைபேசியில் அனுப்பினால் நம்பி மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். மனத்துக்கு வேலை கொடுப்பதும் நாலு பேரோடு பழகுவதும் நமக்கு நல்லவை. அவ்வளவுதான் சொல்லலாம். அதுவே பெரிய விஷயம்.

தொல்லைகளும் உண்டு

இன்பத்தைச் சொன்னால் தொல்லையையும் சொல்ல வேண்டும் அல்லவா?

எனக்கும் அம்மாவுக்கும் நடந்த சண்டையைக் கேளுங்கள். அக்காவுக்குக் குழந்தை பிறக்கப்போகிறது. சதுரக் கட்டங்களாகப் பின்னி ஒன்றாக இணைத்துப் போர்வை செய்வோம் என்று ஆளுக்குப் பன்னிரண்டு கட்டம் பங்கிட்டுக்கொண்டோம். ஒரே நூல், ஒரே ஊசி அளவு, ஒரே செய்முறைத் தாள். பின்னி முடித்துப் பார்த்தால் என் கட்டம் உள்ளங்கையைவிடப் பெரிது. அம்மாவுடையது பிஸ்கட் அளவு, அதுவும் கல் மாதிரி இறுக்கம். ‘நீ தளர்வாப் பின்றே’ என்று அம்மா. ‘நீங்கதான் இறுக்கிப் பின்றீங்க’ என்று நான்.

இரண்டு நாள் கழித்துத்தான் காரணம் தெரிந்தது. செய்முறையில் ‘டபுள் குரோஷே’ என்று போட்டிருந்தது. பிரிட்டிஷ் வழக்கில் அது குட்டையான கண்ணி. அமெரிக்க வழக்கில் அதே பெயர் உயரமான கண்ணிக்கு. பிரிட்டிஷ்காரர்கள் அந்த உயரமான கண்ணியை ‘டிரெபிள்’ என்பார்கள். மக்சிக் வழியாக அம்மாவுக்கு வந்தது பிரிட்டிஷ் பெயர். காணொளி பார்த்து நான் கற்றது அமெரிக்கப் பெயர். செய்முறையோ அமெரிக்கச் செய்முறை. சொற்களை நம்பிப் பிழைக்கும் நானே ஒரு சொல்லில் ஏமாந்தேன்.

ஊசி எண்ணிலும் இதே கதை. பழைய பிரிட்டிஷ் நிட்டிங் ஊசியில் எண் கூடக் கூட ஊசி மெலியும். அமெரிக்க ஊசியில் எண் கூடக் கூடத் தடிக்கும். பிரிட்டிஷ் 8ஆம் எண் 4 மில்லிமீட்டர், அமெரிக்க 8ஆம் எண் 5 மில்லிமீட்டர். எனவே எண்ணைப் பார்க்காதீர்கள், மில்லிமீட்டரைப் பாருங்கள்.

நூல் வாங்கும்போதும் கவனம் வேண்டும். ஒரே நிறமாகத் தெரிந்தாலும் வெவ்வேறு நாளில் சாயம் ஏற்றிய நூல் சற்று வேறுபடும். சுற்றியிருக்கும் காகிதத்தில் சாயத் தொகுதியின் எண் இருக்கும். எல்லா உருண்டையிலும் ஒரே எண் இருக்கிறதா என்று பார்த்து, தேவைக்கு ஒன்று கூடுதலாகவே வாங்குங்கள். கடைசி இரண்டு வரிசைக்கு நூல் தீர்ந்துபோகும் துயரம் அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும்.

நம் ஊர் வெயிலுக்குக் கம்பளி நூல் தேவையில்லை. கையில் வியர்வை பட்டால் ஊசியும் நகராது. பருத்தி நூல் நல்லது. உலோக ஊசி வழுக்கினால் மூங்கில் ஊசியை முயன்று பாருங்கள். பின்னியவற்றை நன்கு உலர்த்தி, மூடி போட்ட டப்பாவில் வையுங்கள். எல்லார் வீட்டிலும் அந்த நீலநிற பிஸ்கட் டின் இருக்கும். பிள்ளைகள் ஆசையாகத் திறந்து பார்த்து, உள்ளே நூலைக் கண்டு ஏமாந்த டின். அதுவே போதும்.

கடைசித் தொல்லை, கொடுத்த பரிசு. இரண்டு மாதம் பின்னிய பையைப் பேத்தியிடம் கொடுக்கிறோம். ‘தேங்க்யூ பாட்டி’ என்று வாங்கி அலமாரியில் வைத்துவிடுகிறாள். மனசு வலிக்கத்தான் செய்யும். அம்மா அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். பின்னத் தொடங்கும்முன் பிள்ளைகளை அழைத்து, ‘உனக்கு என்ன வேணும், என்ன நிறம்?’ என்று கேட்டுவிடுவார். இப்போது என் அக்கா மகன் பாட்டி பின்னிய கைபேசி உறையைப் பள்ளிக்குக் கொண்டுபோகிறான்.

அம்மா மறைத்த விஷயம்

இனி, நான் சொல்ல வந்ததற்கு வருகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் இரவு மூன்று மணி வாக்கில் அம்மாவின் அறையிலிருந்து வளையல் சத்தம் கேட்கும். கழிவறைக்கு எழுந்து போகிறார் என்று நினைத்துக்கொள்வேன். அது அடிக்கடி கேட்டது. நான் கேட்டதில்லை. அவரும் சொன்னதில்லை.

ஒருநாள் பின்னும்போது ஊசி கீழே விழுந்தது. எடுத்துக் கொடுத்தேன். சற்று நேரத்தில் மறுபடியும் விழுந்தது. அடுத்த வாரம் ஒரு பை நிறைய நூலைக் கொண்டுவந்து, ‘இதையெல்லாம் நீயே வச்சுக்கோம்மா. எனக்கு எதுக்கு இவ்வளவு?’ என்றார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. நூலைக் கொடுத்துவிடுகிற ஆள் இல்லை என் அம்மா.

வற்புறுத்திக் கேட்டதும் சொன்னார். இரண்டு வருடமாகவே வலது கையில் கட்டைவிரல், ஆள்காட்டிவிரல், நடுவிரல் மூன்றும் ‘மதமதன்னு’ இருக்கிறதாம். இரவில் விரல்கள் செத்துப்போனதுபோல் ஆகி விழிப்பு வருமாம். எழுந்து உட்கார்ந்து கையை உதறினால் சரியாகுமாம். நான் கேட்ட வளையல் சத்தம் அதுதான். இடது கையிலும் லேசாகத் தொடங்கியிருந்தது.

‘ஏம்மா சொல்லலை?’ என்றேன்.

‘சொன்னா பின்னாதேன்னு சொல்லிடுவாங்க’ என்றார்.

இதற்கு என்னிடம் பதில் இல்லை. ஆனால் கதை அதோடு முடியவில்லை. நீரிழிவுப் பரிசோதனைக்காக அம்மா முறையாக மருந்தகத்துக்குப் போய்வந்துகொண்டுதான் இருந்தார். வலி ஏதும் இருக்கிறதா என்று அங்கே ஒவ்வொரு முறையும் கேட்டிருக்கிறார்கள். ‘இல்லை’ என்று சொல்லியிருக்கிறார். அது பொய்யும் இல்லை. அவருக்கு இருந்தது வலி இல்லை, மதமதப்பு.

இதில் என் பங்கும் உண்டு. அந்த இரண்டு வருடத்தில் ஒருமுறை, ஓர் உடல்நலக் கேள்வித்தாளை நான் தமிழாக்கம் செய்தேன். கையில் வலியோ வேறு தொந்தரவோ உண்டா என்பது ஆங்கிலத்தில் இருந்த கேள்வி. கட்டம் சிறியது, இடம் போதவில்லை. ‘கையில் வலி உண்டா?’ என்று சுருக்கிவிட்டேன். எழுதியதை எப்போதும் அம்மாவிடம் படிக்கக் கொடுத்துப் புரிகிறதா என்று பார்ப்பேன். அன்றும் கொடுத்தேன். அம்மா மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுவதும் படித்தார். ‘நல்லாப் புரியுதும்மா. எனக்குக் கையில வலி ஒண்ணும் இல்லை’ என்றார். எனக்கு எதிரில் உட்கார்ந்து சொன்னார். நான் சந்தோஷமாகத் தாளை அனுப்பிவைத்தேன்.

நம் மொழியில் எத்தனை சொற்கள் இருக்கின்றன, பாருங்கள். வலி, குடைச்சல், உளைச்சல், குத்தல், எரிச்சல், விறுவிறுப்பு, மதமதப்பு, மரத்துப்போதல், சுரீர் என்று இழுத்தல். ஒவ்வொன்றும் வேறு. மருத்துவருக்கு இந்த வேறுபாடு முக்கியம். எலும்பு மூட்டு தேய்ந்தால் ஒரு விதம், நரம்பு அழுந்தினால் ஒரு விதம். எல்லாவற்றையும் ‘வலி’ என்ற ஒரே சொல்லில் கேட்டால் ‘இல்லை’ என்ற பதில்தான் வரும்.

மருத்துவர் பரிசோதித்தார். நரம்பின் வேகத்தை அளக்கும் சோதனையும் செய்தார்கள். கார்ப்பல் டனல் என்று பெயர் சொன்னார்கள். மணிக்கட்டில் ஒரு குறுகலான வழி இருக்கிறது. விரல்களுக்குப் போகும் நரம்பு ஒன்று அதற்குள் அழுந்துகிறது. கட்டைவிரல், அதற்கு அடுத்த இரண்டு விரல்கள், மோதிரவிரலின் ஒரு பாதி ஆகியவை மரத்துப்போகும். சுண்டுவிரல் பெரும்பாலும் தப்பித்துவிடும். இரவில் அதிகமாகும். நாளானால் பிடிமானம் குறையும், கட்டைவிரல் அடியில் உள்ள சதை வற்றும். நீரிழிவு உள்ளவர்களுக்கும் தைராய்டு சுரப்பு குறைந்தவர்களுக்கும் இது வர வாய்ப்பு அதிகம்.

பின்னல்தான் காரணமா என்று கேட்டோம். அது ஒன்றே காரணம் என்று சொல்ல முடியாது, ஆனால் மணிக்கட்டை மடக்கியபடி நெடுநேரம் செய்யும் எந்த வேலையும் இதை மோசமாக்கும் என்றார் மருத்துவர். அடுத்து அவர் சொன்னதைக் கேட்டு அம்மா அழுதுவிட்டார். ‘பின்னலை விட வேண்டியதில்லை. பின்னும் விதத்தை மாற்றிக்கொள்ளுங்கள்.’ இரண்டு வருடம் பயந்து மறைத்தது இந்த ஒரு வரிக்காக.

இடது கைக்கு இரவில் பட்டை அணிந்து தூங்கியதே போதுமானதாக இருந்தது. மணிக்கட்டை மடங்காமல் நேராக வைத்திருக்கும் பட்டை அது. வலது கைக்குச் சிறிய அறுவை சிகிச்சை தேவைப்பட்டது. அன்றைக்கே வீடு திரும்பினார். இரவில் வளையல் சத்தம் நின்றுவிட்டது. ஆனால் வலது கட்டைவிரல் நுனியில் உணர்ச்சி முழுதாகத் திரும்பவில்லை. நரம்பு அதிக நாள் அழுந்தியிருந்ததால் அப்படி. சீக்கிரம் வந்திருந்தால் பட்டையோடே முடிந்திருக்கலாம் என்றார்கள்.

கைகளுக்கு

அம்மாவுக்குச் சிகிச்சையாளர் சொல்லிக்கொடுத்தவற்றை உங்களுக்கும் சொல்கிறேன்.

இருபது நிமிடத்துக்கு ஒருமுறை நிறுத்துங்கள். ‘இந்த வரிசையை முடிச்சிட்டு’ என்ற பேச்சு வேண்டாம். அடுப்படியில் இருக்கும் மணியை முடுக்கிவிட்டு உட்காருங்கள். மணி அடித்ததும் விரல்களை அகல விரித்து மெல்ல மூடுங்கள். மணிக்கட்டை மேலும் கீழும் மெதுவாக அசையுங்கள். தோள்களைச் சுழற்றுங்கள்.

ஊசியின் பிடி தடிமனாக இருக்கட்டும். மெல்லிய ஊசியை இறுக்கிப் பிடிக்கும்போதுதான் விரல் மூட்டுகள் களைக்கின்றன. ரப்பர் பிடி வைத்த ஊசிகள் கிடைக்கின்றன. இருக்கும் ஊசியிலேயே மெத்தென்ற நுரைப்பட்டையைச் சுற்றிக்கொள்ளலாம்.

முழங்கை நாற்காலிக் கையின்மேலோ மடியில் வைத்த தலையணைமேலோ இருக்கட்டும். மணிக்கட்டு நேராக இருக்கட்டும். பெரிய போர்வை பின்னினால் அதன் பாரம் கையில் தொங்க வேண்டாம், மடியில் படிய விடுங்கள்.

காலையில் விரல்கள் விறைத்திருந்தால் வெதுவெதுப்பான நீரில் சற்று நேரம் வைக்கலாம். நீரிழிவு உள்ளவர்களுக்குச் சூடு சரியாகத் தெரியாமல் போகலாம். முதலில் முழங்கையால் தொட்டுப் பாருங்கள், அல்லது வீட்டில் இருப்பவர்களைத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

கண்ணுக்கும் காலுக்கும்

பகல் வெளிச்சத்தில் பின்னுவது நல்லது. இரவில் பின்னினால் விளக்கு உங்கள் தோளுக்குப் பின்னாலிருந்து வேலைமேல் விழட்டும். கறுப்பு, கருநீல நூல்களில் கண்ணி தெரியாது. கட்டாயம் பின்ன வேண்டுமென்றால் மடியில் ஒரு வெள்ளைத் துண்டை விரித்துக்கொள்ளுங்கள். அவ்வப்போது தலையைத் தூக்கிச் சன்னல் வழியே தூரத்தில் பாருங்கள். கண்ணாடி போட்டும் கண்ணிகள் மங்கலாகத் தெரிந்தால், ‘வயசாச்சு’ என்று விட்டுவிடாமல் கண்ணைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள். கண்புரையாக இருக்கலாம்.

நூல் உருண்டை தரையில் ஓடக் கூடாது. அவசரமாகத் தொலைபேசியை எடுக்க எழும்போது காலில் நூல் சிக்கி விழுந்தால், இடுப்பெலும்பு முறிவுவரை போய்விடும். உருண்டையைப் பாத்திரத்திலோ பையிலோ போட்டு உங்கள் பக்கத்திலேயே வையுங்கள். ஊசிகளை நாற்காலியில் விட்டுப் போகாதீர்கள்.

பின்னல் உட்கார்ந்து செய்யும் வேலை. கை ஓடுகிறது, கால் ஓடுவதில்லை. வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம் சற்று மூச்சு வாங்கும்படி நடப்பது, கூடவே தசை வலுவுக்கும் சமநிலைக்குமான பயிற்சிகள் ஆகியவற்றுக்குப் பின்னல் ஈடாகாது. எங்கள் குழுவில் ஒரு பழக்கம் வைத்திருக்கிறோம். பின்னத் தொடங்கும்முன் எல்லாரும் புளோக்கைச் சுற்றி இரண்டு முறை நடந்துவிட்டு வருவோம். கப்பல் பட்டறை ஐயாதான் தலைவர்.

எப்போது மருத்துவரைப் பார்க்க வேண்டும்?

விரல்கள் அடிக்கடி மரத்துப்போனால், இரவில் கையை உதற வேண்டி விழிப்பு வந்தால், பொருள்கள் கையிலிருந்து நழுவினால், விரல் மடங்கிச் சிக்கிக்கொண்டு ‘டக்’ என்று நிமிர்ந்தால், மூட்டு வீங்கிச் சிவந்தால், உங்கள் குடும்ப மருத்துவரிடமோ பலதுறை மருந்தகத்திலோ சொல்லுங்கள். எந்த விரல், எந்த நேரம், எத்தனை நாளாக என்று ஒரு தாளில் குறித்துக்கொண்டு போங்கள்.

ஒன்று மட்டும் காத்திருக்கக் கூடாது. திடீரென்று ஒரு பக்கக் கையோ காலோ பலமிழந்தால், முகம் ஒரு பக்கம் கோணினால், பேச்சு குழறினால் அது பக்கவாதமாக இருக்கலாம். உடனே 995ஐ அழையுங்கள். சற்று நேரத்தில் சரியாகிவிட்டாலும் அழையுங்கள்.

மருத்துவர் ஆங்கிலத்தில் கேட்டாலும், நீங்கள் உங்களுக்கு வரும் சொல்லையே சொல்லுங்கள். ‘மதமதன்னு இருக்கு’ என்றால் அப்படியே சொல்லுங்கள். ‘ஊசி குத்துற மாதிரி’ என்றால் அதையே சொல்லுங்கள். அதை ஆங்கிலமாக்குவது உடன் வந்தவர்களின் வேலை. மகன், மகள், மருந்தக ஊழியர் யாராக இருந்தாலும், நீங்கள் சொன்ன சொல்லைச் சுருக்காமல் சொல்லச் சொல்லுங்கள். சுருக்குவதால் என்ன ஆகும் என்று என் வீட்டில் பார்த்துவிட்டேன். அந்தக் கேள்வித்தாளைப் பிறகு திருத்திக் கொடுத்தேன். இப்போது அதில் ‘கையில் வலி, மரத்துப்போதல், மதமதப்பு, பலக்குறைவு ஏதேனும் உண்டா?’ என்று இருக்கிறது. கட்டத்தைப் பெரிதாக்கச் சொன்னேன். ஆக்கினார்கள்.

அம்மாவும் இன்று வந்திருக்கிறார். கடைசி வரிசையில், தடித்த பிடி போட்ட ஊசியோடு உட்கார்ந்திருக்கிறார். மணி அடித்து ஐந்து நிமிடம் ஆகிறது, இன்னும் பின்னிக்கொண்டுதான் இருக்கிறார். அம்மா, போதும், கீழே வையுங்கள்.

நீங்களும் ஒருமுறை விரல்களை அகல விரித்து மூடுங்கள். இன்னொரு முறை. தேநீர் தயாராக இருக்கிறது. குடித்துவிட்டு, சங்கிலி போடக் கற்றுக்கொள்ள விரும்புபவர்கள் என்னிடம் வாருங்கள். எண்ணுவதற்கு எந்த மொழியும் சரிதான்.



நினைவில் வைத்துக்கொள்ள

• 20 நிமிடத்துக்கு ஒருமுறை நிறுத்தி, கைகளையும் தோள்களையும் தளர்த்துங்கள்.
• தடித்த பிடியுள்ள ஊசி, வெளிர் நிற நூல், நல்ல வெளிச்சம் ஆகியவற்றைப் பயன்படுத்துங்கள்.
• நூலும் ஊசியும் தரையில் கிடக்கக் கூடாது.
• பின்னலோடு நடைப்பயிற்சியும் வேண்டும்.
• விரல் மரத்துப்போவதை மறைக்க வேண்டாம். சீக்கிரம் சொன்னால் சிகிச்சை எளிது.
• திடீரென்று ஒரு பக்கம் பலவீனம், முகக் கோணல், பேச்சுக் குழறல் ஏற்பட்டால் உடனே 995ஐ அழையுங்கள்.